வேதிக் கணக்கும் வீட்டுத் தமிழும்

ஒரு மொழியில் அறிவியல் வேரூன்றியிருக்கிறதா என்பதை அறிய, அந்த மொழியில் எத்தனை கலைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதாது. அந்த மொழியில் யோசித்துக் கணக்குப் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி வேதியியலில் இதற்குச் சரியான உரைகல், மோல் கணக்குப் பாடம்தான்.

ஒக்கலிபுரத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். ஒன்பதாம் வகுப்பு வரை அறிவியலை ஆசையாகப் படித்த பிள்ளைகள் பலர் இந்த ஒரு பாடத்தில் தடுமாறி, "எனக்கு கெமிஸ்ட்ரி வராது சார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெற்றோர் பலர் தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுக்கு "கிராம் மூலக்கூறு எடை" தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தது "மோலார் மாஸ்". இரண்டும் ஒன்றுதான் என்று இருவருக்கும் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் ஒரே கூரையின் கீழ் அறிவு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

தமிழுக்கு இது புதுத் துறையும் அல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் முயற்சியால் 1875-இல் "கெமிஸ்தம்" என்ற நூல் வந்தது. பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படித்த ராஜாஜி, பிற்காலத்தில் "திண்ணை ரசாயனம்" எழுதினார். கலைச்சொற்களுக்காக 1916-இல் சேலத்தில் ஒரு சங்கமே கண்டவர் அவர். கெமிஸ்தம், திண்ணை ரசாயனம் என்னும் இந்தப் பெயர்களே ஒரு பாடம். ஒன்று அயற்சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணக்கியது, மற்றொன்று அறிவியலைத் திண்ணைப் பேச்சாக்கியது. "மோல்" என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோமா என்பதுதான் கேள்வி.

இனி, பாடநூல்கள் மீது என் குறைகளைச் சொல்கிறேன்.

முதற்குறை, வரிசை. பெரும்பாலும் வரையறை முதலில், சூத்திரம் அடுத்து, கணக்கு கடைசியில் என்று வருகிறது. எதற்காக மோல் என்ற கேள்விக்கு இடமே இல்லை. வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். நூறு இலை ஒரு கவுளி என்பது பல ஊர் வழக்கம். கொழுந்து வெற்றிலைக் கவுளி லேசாக இருக்கும், முற்றிய வெற்றிலைக் கவுளி கனமாக இருக்கும், எண்ணிக்கை ஒன்றே. மோலும் அப்படியொரு கவுளிதான். அணுவை விரல்விட்டு எண்ண முடியாது, அதனால் எடை போட்டு எண்ணுகிறோம். 12 கிராம் கார்பனிலும் 32 கிராம் கந்தகத்திலும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. இதைச் சொல்லிவிட்டால் சூத்திரம் தானே பிறக்கும்.

இரண்டாவது, எடையை மட்டும் பார்க்கும் பழக்கம். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது எது முதலில் தீரும் என்று கேட்டால், "ஹைட்ரஜன்தான் சார், அதுதானே கம்மி" என்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல். அந்த அரை மோல் ஆக்சிஜன் 1 மோல் ஹைட்ரஜனைத்தான் ஏற்கும். 18 கிராம் நீர் கிடைக்கும், 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். தீர்ந்தது ஆக்சிஜன்! அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று மாவரைக்கும் வீட்டில், உளுந்து தீர்ந்தால் மிச்ச அரிசி சும்மா கிடக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். இதற்கு "வினைக் கட்டுப்பாட்டுக் காரணி" என்று பெயர் வைத்தது தவறல்ல. பெயருக்கு முன்னால் உளுந்தைக் காட்டாததுதான் தவறு.

மூன்றாவது, நிபந்தனை சொல்லாத எண்கள். எந்த வாயுவும் ஒரு மோல் 22.4 லிட்டர் என்று நம் தலைமுறை மனப்பாடம் செய்தது. அது 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில். ஐயுபிஏசி அமைப்பு 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 பார் என மாற்றியது. அதன்படி 22.7 லிட்டர். அப்பா 22.4 என்கிறார், மகள் 22.7 என்கிறாள். இருவரும் சரியே. அழுத்தம் எவ்வளவு என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை. மோலின் வரையறையும் 2019 மே 20 முதல் மாறிவிட்டது. முன்பு 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்துச் சொன்னோம். இப்போது 6.02214076-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணே மோல். பள்ளிக் கணக்குகளின் விடை இதனால் மாறாது, ஆனால் "மோல் என்பது எண்ணிக்கையே" என்ற உண்மை இன்னும் தெளிவாகிறது.

குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு நூல் தன் முதல் பாடத்தின் தலைப்பில் "வேதிக் கணக்கீடுகள்" என்கிறது. "ஸ்டாய்க்கியோமெட்ரி" என்று கேட்டு மிரளும் பிள்ளை இதைக் கேட்டால் மிரளாது. நல்ல தமிழ் என்பது இதுதான்.

கணக்குகளும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். பெங்களூரில் போர்வெல் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கால்சியம் கார்பனேட்டின் மோல் எடை 100 கிராம். ஆகவே அது 2 மில்லிமோல். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டை வாங்கி, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போட வேண்டிய கணக்கு இது.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்துகின்றன. நடத்தட்டும். கூடவே தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் சொற்களை அருகருகே தந்து, இத்தகைய கணக்குகள் கொண்ட சிறு கையேடு ஒன்றையும் வெளியிட வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். பிள்ளைகள் எந்த மொழியில் தேர்வு எழுதினாலும் எழுதட்டும். சந்தேகத்தை வீட்டுத் தமிழில் கேட்க முடிந்தால், அந்தத் தமிழ் அடுத்த தலைமுறைக்கும் தங்கும்.