ஈரப் பாறையும் ஹண்டர் ஷூவும்

ஜூன் மழை சின்ஹகட் கோட்டையைத் தொட்டதும் புணே மலையேறிகளிடையே ஷூ பேச்சு ஆரம்பித்துவிடும். கோர்டெக்ஸ் என்ற நீர்புகாச் சவ்வு வைத்ததா, வைக்காததா? வைப்ரம் சோலா, உள்ளூர் ரப்பரா? இதில் என் கட்சி பல வருடமாக மாறவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சஹ்யாத்ரிக்கு ஹண்டர் ஷூதான். பச்சைக் கேன்வாஸ், கறுப்பு ரப்பர், கணுக்காலுக்கு மேல் ஏறும் நாடா. பிறகு வந்த எதுவும் அந்த நான்கு மாதத்துக்கு அதற்கு ஈடாகவில்லை.

என் ஜோடி ஜூனா பஜாரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை உண்டு. ஷூவை இரண்டு கையாலும் வளைக்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது. பாதத்தின் நடுவில் வளைந்தால் கீழே வைத்துவிடலாம். அடுத்து, சோலின் பல் ஒன்றில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பரில் நகத்தடம் பதியும், பிறகு மெல்ல மறையும். பதியவே பதியாத ரப்பர் ஈரப் பாறையில் வழுக்கும். கடைசியாக, கேன்வாஸும் ரப்பரும் சேரும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் வெப்பத்தில் வெந்து ஒன்றாய்ப் பிடித்திருக்க வேண்டும், பசைத் தடம் தெரியக்கூடாது. என் ஜோடியில் இந்த மூன்றும் சரியாக இருந்தன. சுண்டுவிரல் மடிப்பில் ஒருமுறை கேன்வாஸ் கிழிந்தது. தெருவோரம் செருப்புத் தைப்பவர் மெழுகு நூலில் போட்டுக் கொடுத்த தையல் இன்னும் அசையவில்லை.

அந்த ஷூவின் அழகெல்லாம் அடியில் இருக்கிறது. சோல் மெலிந்தது. காலுக்கும் கல்லுக்கும் இடையே மெத்தை எதுவும் கிடையாது. மழையில் குஞ்சவணேயிலிருந்து சோர் தர்வாஜா வழியாக ராஜ்கட் கோட்டை ஏறுபவர்களுக்கு அதன் அருமை தெரியும். கம்பியைப் பிடித்தபடி, பாதி அழிந்த வெட்டுப்படிகளில், பாசி எது, வெறும் ஈரம் எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாத இடம் அது. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் உறைந்த எரிமலைக் குழம்பு, காற்றுக்குமிழி விட்டுப்போன சின்னச் சின்னக் குழிகளோடு நிற்கிறது. மெலிந்த சோல் போட்ட பாதத்துக்கு அந்தக் குழிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். எடையை முழுக்க மாற்றுவதற்கு முன்பே, இந்த இடம் தாங்குமா என்று விரல்களுக்குத் தெரிந்துவிடும். இன்றைய ஷூவில் இரண்டு விரல் தடிமனுக்கு நுரை இருக்கிறது. தார் ரோட்டில் சுகமாகத்தான் இருக்கிறது. ராஜ்கட்டில் அது என் பாதத்தின் காதைப் பொத்துகிறது.

எதிர்க்கட்சியிலும் நியாயம் உண்டு. ஆக்‌ஷன் ட்ரெக்கிங் ஷூதான் சஹ்யாத்ரிக்கு என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ரப்பரின் பிடிப்பை நானும் மதிக்கிறேன். மழை ஓய்ந்த அக்டோபருக்குப் பிறகு என் ஓட்டு அதற்கே. டிசம்பரில் பேல்பாடாவிலிருந்து ஹரிச்சந்திரகட்டின் நளிச்சி வாட் பாதையில், உருளும் கற்களின் மேல் ஏறுபவர் தடித்த சோல் கேட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் ஜூலையில் கோர்டெக்ஸ் ஷூ போடுபவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தண்ணீர் உள்ளே வருவது எந்த வழியாக? முழங்கால் ஆழ ஓடையில் இறங்கினால் மேல்வாய் வழியாகத்தானே? உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே விடாமல் காப்பதும் அதே சவ்வுதான். கேன்வாஸ் நனையும், உண்மை. நாலு எட்டு வைத்தால் பிழிந்து வடித்துவிடும். வீட்டுக்கு வந்து செம்மண்ணைக் கழுவி, பழைய ‘சகாள்’ செய்தித்தாளை உருட்டித் திணித்து வைத்தால் அடுத்த வாரத்துக்குத் தயார்.

இன்னொன்று, ஆயுள். பாலியூரித்தேன் நுரை வைத்த விலையுயர்ந்த பூட்ஸை நாலைந்து வருடம் பரணில் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையை வேதியியல் முறையில் உடைத்துக்கொண்டே இருக்கும்; வெளியே புதிது போலிருக்கும் ஷூ, மலையில் பத்து அடி வைத்ததும் சோலைக் கழற்றிப் போட்டுவிடும். போடாமல் வைத்திருந்தாலும் கெடும் பொருள் அது. நம் ஊர் மழைக்காலத்துக்கு எப்படிப் பொருந்தும்?

ரப்பர் சோலையே புதுமை என்று திட்டிய காலமும் இருந்தது. 1935-இல் ஆல்ப்ஸில் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த மிலான் நகரத்து விட்டாலே பிரமானி, 1937-இல் வைப்ரம் என்ற பல் வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். 1954-இல் இத்தாலியர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் கே2 ஏறினார்கள். பிரமானிக்கு முன்பு தோல் பூட்ஸில் இரும்பு ஆணிதான். 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மாலரியின் உடல் 1999-இல் கிடைத்தபோதும் காலில் ஆணி அடித்த பூட்ஸ் இருந்தது. பாசி படிந்த பாறையில் ரப்பரைவிட ஆணியே மேல் என்று ஸ்காட்லாந்தின் பழைய ஆட்கள் கடைசிவரை வாதாடினார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆகஸ்ட் மாத சஹ்யாத்ரிக்கு ஆணி பூட்ஸ் பிரமாதமாக நிற்கும். ஆனால் முந்நூறு, நானூறு வருடக் கோட்டைப் படிகளை அது சுரண்டித் தின்றுவிடும் என்பதால் அந்த ஆசையை வளர்க்கவில்லை.

பனிக்குப் போனால் மட்டும் பழசின் பக்கம் நிற்க மாட்டேன். மரத்தை வளைத்து, பதப்படுத்தாத தோல்வாரால் பின்னிய ஸ்னோ ஷூ பார்க்க எத்தனை லட்சணம்! ஆனால் வார் நனைந்தால் தளர்ந்துபோகும்; சரிவில் கடித்து நிற்க அடியில் பல்லும் இல்லை. அலுமினியச் சட்டமும் விரலடியில் இரும்பு நகமும் வந்த பிறகுதான் அதைப் போட்டுக்கொண்டு நேராகச் சரிவேற முடிந்தது. 1982-இல் புணேயில் தொடங்கிய கிரிபிரேமி மலையேற்றக் குழு, 2012-இல் எவரெஸ்ட் ஏறியபோது பழைய தோல் பூட்ஸோடு போகவில்லை. உறைபனியில் விரல்களைக் காப்பதுதான் முதல் வேலை. அங்கே ரசனை பேசக்கூடாது.

என் வருத்தம் ஹண்டர் ஷூ மேலேயேதான். இப்போது வருவதில் நகம் பதிவதில்லை. வயலுக்கும் கட்டட வேலைக்கும் போடுபவர்களுக்கு சோல் சீக்கிரம் தேயக்கூடாது. ரப்பரைக் கடினமாக்கினால்தான் அதிக நாள் உழைக்கும். அவர்கள் தேவை நியாயமானது. ஆனால் கடினமாகும் அளவுக்குப் பிடிப்பு போய்விடுகிறது. கேன்வாஸும் இளைத்துவிட்டது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசிக்கண்கள் தெரிகின்றன. வாங்குபவர்களும் வளைத்துப் பார்ப்பதில்லை. போனில் படம் பார்த்து, நிறம் பார்த்து, அளவு சொல்லி வரவழைக்கிறார்கள். பிறகு சின்ஹகட்டின் ஆத்கர்வாடிப் பாதையில் உட்கார்ந்தபடியே இறங்குகிறார்கள்.

இத்தனை மலையேற்றக் குழுக்கள் இருக்கும் ஊர் இது. எல்லாரும் சேர்ந்து ஒரு ரப்பர் ஆலையைப் பிடித்து, பழைய மிருதுவான கலவையில், கெட்டிக் கேன்வாஸில், மழைக்காலத்துக்கென்று ஒரு தொகுதி போடச் சொல்லலாம். சோல் இரண்டே மழைக்காலத்தில் தேய்ந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கத் தயார். எட்டாம் நம்பரில் முதல் ஆர்டர் என்னுடையது.