பன்னிரண்டு டன் கூத்து

2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் மேடையேறும் முன் கேட்டது பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் குரல். 1940-இல் அவர் ஆற்றிய போர்க்காலப் பேச்சின் ஒலிப்பதிவு. 1943 வங்கப் பஞ்சத்தை மறக்காத நாட்டில் இந்த மனுஷனுக்கா ஆரவாரம் என்று எனக்கு இன்றும் உறுத்தும். ஆனால் பேச்சு முடிகிற இடத்தில் 'ஏசஸ் ஹை' சீறிக்கொண்டு கிளம்புகிறதே, அதற்குப் பிறகு உறுத்தலுக்கெல்லாம் நேரம் கிடையாது. பிரிட்டன் வான்போரின் விமானிகளைப் பற்றிய பாட்டு அது. பாடும் புரூஸ் டிக்கின்சனும் விமானிதான். அப்போதைய உலகச் சுற்றுப்பயணத்துக்கென்றே எடுத்த போயிங் 757-ஐ ஓட்டியவர். பயணத்தின் முதல் கட்டத்தைப் படம்பிடித்த 'ஃப்ளைட் 666' 2009-இல் வந்தது. மும்பையின் 'ஏசஸ் ஹை'யை அதில் பார்க்கலாம்.

மூங்கில்துறைப்பட்டில் உட்கார்ந்து ஹெவி மெட்டல் கேட்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் சத்தம் பத்தாதா என்று கேட்ட உறவினர் உண்டு. தென்பெண்ணைக் கரை ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பிடிபடாமல் போனால்தான் அதிசயம் என்பது என் கட்சி.

கட்சிக்குச் சாட்சி, எங்கள் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றில் மத்தளம் வாசிக்கும் பெரியவர். டீக்கடை பெஞ்சில் அவர் காதில் இயர்போனை மாட்டி மெய்டனின் 'தி ட்ரூப்பர்' பாட்டைப் போட்டேன். முதலில் முகம் சுளித்தார். கொஞ்ச நேரத்தில் வலது கை விரல்கள் தொடையில் தட்டத் தொடங்கின: தாங்கு தக, தாங்கு தக. "குதிர ஓட்டமா இருக்குதுப்பா. கீழ ஒருத்தன் விடாம ஓட்டிக்கினே இருக்கான் பாரு, அவன்தான் வாத்தியாரு" என்றார். அது 1854-இல் கிரிமியப் போரில், பாலக்ளாவாவில், பீரங்கிகளுக்கு நேராகக் குதிரை விட்டுச் சிதைந்த படையின் கதை என்று நான் சொல்லவே இல்லை.

அவர் சொன்ன வாத்தியார் ஸ்டீவ் ஹாரிஸ். 1975-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் இந்தக் குழுவைத் தொடங்கியவர். பாஸ் கிட்டாரை 'பிக்' என்கிற சிறு தகட்டால் மீட்டமாட்டார், வெறும் விரல்கள்தான். ஒரு நீண்ட அடி, இரண்டு குட்டி அடி, திரும்ப ஒரு நீண்ட அடி என்று பாட்டு முழுக்க விரல் சளைக்காமல் ஓடும். வழவழப்பான தட்டைக் கம்பிகளைப் பூட்டி, அவை பலகையில் மோதி 'டக்'கென்று உலோகச் சத்தம் கிளம்பும்படி அடிப்பார். பல ராக் குழுக்களில் பாஸ் என்பது பின்னால் உறுமும் ஒலி, இருப்பதே தெரியாது. இங்கே அதுதான் முன்னால் ஓடுகிறது, மற்றவர்கள் அதன் மேல் ஏறி வருகிறார்கள். டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரைனோ, மெட்டல்காரர்கள் பலரும் இரட்டை மிதி வைத்துச் செய்கிற வேகத்தை ஒற்றை மிதியில், ஒரே காலால் செய்து காட்டியவர்.

குழுவில் மூன்று கிட்டார் இருப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. டேவ் மர்ரேயும் ஏட்ரியன் ஸ்மித்தும் ஒரே மெட்டை இரண்டு சுருதி நிலைகளில் ஒட்டி வாசிக்கும்போது வரும் இழைவு போதும். 1999-இல் டிக்கின்சனோடு ஸ்மித்தும் திரும்பி வந்த பிறகு, ஏற்கெனவே குழுவில் இருந்த ஜானிக் கெர்ஸோடு மூவரானார்கள். மேடையில் கெர்ஸ் கிட்டாரைச் சுழற்றி ஆடுவது கண்ணுக்கு விருந்துதான். காதுக்குச் சில இடங்களில் நெரிசல்.

கூத்தோடு இவர்கள் உண்மையில் ஒட்டுவது மேடை ஏற்பாட்டில். கூத்தில் கட்டை வேஷம் கட்டிய ராஜபாத்திரம் நேராக வந்து நின்றுவிடாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள்; அதன் பின்னாலிருந்து சலங்கையும் குரலும் முதலில் வரும், கிரீடத்தின் உச்சி தெரியும், கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் துரியோதனன் முழுசாக வருவான். மெய்டனும் வரவைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான். அந்த 2008 பயணத்தில் பாட்டுக்குப் பாட்டு பின்திரை ஓவியம் மாறியது. குழுவின் அடையாளமான எட்டி என்ற எலும்பு மூஞ்சி உருவம், ஆளை விஞ்சிய உயரத்தில், கச்சேரியின் கடைசிப் பகுதியில்தான் நடந்து வந்தது. அதற்குள் கூட்டம் அதன் பெயரைக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும்.

இதையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோவது லேசில்லை. ஐரோப்பாவில் லாரி போதும். ஆசியா, தென்னமெரிக்கா என்றால் கப்பலுக்குக் காத்திருக்கக் கட்டாது. பாதிச் சாமானை விட்டுவிட்டு, போன இடத்தில் வாடகைக்கு எடுத்து ஒப்பேற்றுவதுதான் வழக்கம். இவர்கள் விமானத்தின் பின்பகுதி இருக்கைகளைக் கழற்றி, 12 டன் சாமான், வாத்தியக்காரர்கள், பணியாட்கள் எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். மும்பை முடித்து பிப்ரவரி 4-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கச்சேரி. 45 நாளில் சுமார் 80,000 கிலோமீட்டர். தூரத்து ஊர்தானே என்று ஆட்டத்தைச் சுருக்காத அந்த மரியாதைக்காகவே இவர்களை எனக்குப் பிடிக்கும்.

அவர்களுடைய முதல் இந்தியக் கச்சேரி அதற்கு முந்தைய ஆண்டு, 2007 மார்ச் 17-இல், பெங்களூர் அரண்மனை மைதானத்தில். திருவண்ணாமலை போய், செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பஸ் பிடித்தால் எட்டிவிடும் தூரம். டிக்கெட்டுக்குக் காசில்லை. அன்று முன்னால் வாசித்த டெல்லிக் குழுவான பரிக்ரமா, வயலினையும் தபலாவையும் ராக்கில் சேர்த்தவர்கள், அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழா மேடைக்குப் போனார்கள்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'ட்ரூப்பர்' பக்கம் பிறகு போகலாம். 1985-இல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' நேரடிப் பதிவில் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' இருக்கிறது. கோல்ரிட்ஜின் பழைய கதைப்பாடலிலிருந்து ஹாரிஸ் எடுத்த கதை: மாலுமி ஒருவன் கடற்பறவையைக் கொல்கிறான், சாபம் பிடிக்கிறது, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், அவன் மட்டும் பிழைத்துக் காண்கிறவர்களிடமெல்லாம் கதை சொல்லித் திரிகிறான். பதிமூன்று நிமிஷப் பாட்டு. நடுவில் ஓட்டம் அறுந்து, மரக்கப்பல் முனகுகிற மாதிரி ஒரு சத்தமும் பாஸும் மேலோங்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே நிறுத்திவிடாதீர்கள்.