தேசவழமையும் பிறப்பின் கணக்கும்

குருநகர்க் கடற்கரையில் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் தோன்றும். 1658 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து அக்கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தஞ்சை நாட்டிற் போரால் நலிந்து பசித்தோரை அடுத்த ஆண்டு தொட்டே விலைக்கு வாங்கினர். 1659 முதல் 1661 வரை நாகபட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் அவ்வாறு வாங்கப்பட்டோர் 8,000 முதல் 10,000 பேர் வரையினர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். அவருட் பெரும்பாலார் இலங்கைக்கே அனுப்பப்பட்டனர். அடிமை வாணிகம் என்றவுடன் ஆபிரிக்காவையும் அமெரிக்காவையுமே நினைக்கப் பழகிய மாணவர்க்கு இச்செய்தி புதிதாகலாம். அதனினும் புதிதாகத் தோன்றக்கூடியது ஒன்றுண்டு. அடிமைமுறையை நம் முன்னோரே 'எமது வழமை' என ஒப்பி நிற்கும் நூலொன்று நம்மிடம் இருக்கின்றது. அதுவே தேசவழமை.

யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார், ஆளுநர் சீமோன்ஸ் என்பவரின் கட்டளைப்படி இந்நாட்டு வழக்குகளைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்புவித்தார். அத்தொகுப்புத் தமிழாக்கப்பட்டு, 12 முதலிமார் கையிற் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனை ஆய்ந்து, வழக்கோடு பொருந்துவதே என்று சான்று கூறினர். பின்னர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் பிரமாணத்தால் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு நல்கினர். பிற்காலத் திருத்தங்களோடு அது இன்றும் நின்று நிலவுகின்றது. குருநகரிலுள்ள கத்தோலிக்கக் குடும்பமும் வண்ணார்பண்ணையிலுள்ள சைவக் குடும்பமும் சீதன உறுதி எழுதுங்கால் இவ்வொரு நூலின் நிழலிலேயே எழுதுகின்றன. சமயம் இரண்டாயினும் சட்டம் ஒன்று.

இந்நூலைப் போற்றுவார் பலர். பெண்ணுக்குச் சீதனவழி உடைமையுரிமை தந்தது, முதுசொத்தையும் தேடிய தேட்டத்தையும் நுட்பமாகப் பிரித்தது என்பன அவர் காட்டும் சிறப்புகள். அப்போற்றுதல் தகுதியானதே. ஆயின், அவ்வாறு போற்றுவோர் அடிமைகளைப் பற்றிய பகுதி வந்தவுடன் 'அது காலங்கடந்தது' என்று கூறித் தாளைப் புரட்டிவிடுகின்றனர். இவ்வாசிப்பு முறை பிழையென்பதே யாம் ஈண்டு கூறப் புகுந்தது.

கோவியர், பள்ளர், நளவர் முதலானோரை அடிமைகளாகக் கூறும் அப்பகுதி நூலிலே தனித்து நிற்பதன்று. அடிமை ஓர் உடைமையாதலின், சீதனம் கூறுமிடத்தும் உரிமைப்பேறு கூறுமிடத்தும் நிலத்தோடும் நகையோடும் ஒருங்கு எண்ணப்படுகின்றான். இயற்றமிழிலே உயர்திணையென்று நாம் கற்பிக்கும் மனிதன் இங்கே அஃறிணையாய் நிற்கின்றான். எனவே ஒரு பகுதியை நீக்கிவிட்டால் நூல் தூயதாகிவிடும் என்பது பொருந்தாது.

அப்பகுதியின் உயிர்நாடி ஒரு விதியில் உளது. ஒருவனுடைய அடிமை மற்றொருவனுடைய அடிமைப்பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் தாயை உடையவனுக்கே உரியர். தந்தையைக் கேட்பார் இலர். தாயின் வயிறே ஆவணம். ஆங்கிலேயரும் இதனை நன்கறிந்தே செயலாற்றினர். பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் முயற்சியால், 1816 ஆகத்து 12 ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் அடிமைப் பிள்ளைகள் சுயாதீனர் என்று உடையார் பலர் ஒப்பினர். 1821 ஆம் ஆண்டுப் பிரமாணத்தின்படி அரசாங்கம் கோவிய, நளவ, பள்ளப் பெண்மகவுகளை உடையவருக்குச் சில இறைசால் கொடுத்து மீட்டது. பெண்ணை மீட்டால் அவள் வயிற்றிற் பிறப்பார் அனைவரும் மீட்கப்படுவர் என்பது கணக்கு. மனிதர்க்கு விலை கூறுதலை ஒழிக்க வந்த சட்டமே விலை கொடுத்ததை நோக்குக! 1833 ஆம் ஆண்டின் பெரும் விடுதலைச் சட்டம் இலங்கையை விலக்கியிருந்தது. ஈண்டு முழு ஒழிப்பு வந்தது 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் கட்டளைச் சட்டத்தாலாகும்.

விடுதலை பெற்றோர்க்கு அச்சட்டம் ஒரு பரப்புக் காணியும் தரவில்லை. காணி விற்பார் உரித்தாளர்க்கும் பங்காளிக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்னும் தேசவழமை விதியோ அப்படியே நின்றது. வாங்கும் முதலுரிமை உறவின் வழியிற் செல்லுங்கால், காணியுடைய உறவு இல்லாதான் வேலிக்குப் புறத்தேயே நிற்பான். சட்டத்திற் சுயாதீனனானவன் காணிக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் பழைய வாயிலிலேயே காத்திருந்தான்.

நிற்க. அடிமை ஒழிந்த அக்காலத்திலேதான் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்துக் கூலியாட்கள் திரளாக வரலாயினர். அவர் வழித்தோன்றல்கள் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றம் அனுப்பினர். மறு ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எழுந்தது. இந்நாட்டிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். தேசவழமை தாயின் வயிற்றைக் கேட்டது. புதுச் சட்டம் தந்தையின் பிறந்தவூரைக் கேட்டது. இரண்டும் ஒருவன் செய்த தொழிலைக் கேட்கவில்லை. 1948 இன் சட்டத்தைப் பேரினவாதமென்று கண்டிக்கும் நம்மவர், அதே பிறப்புக் கணக்கு நம் வீட்டு நூலில் இருந்ததைக் காண்பதில்லை.

இதற்குச் சான்றாக ஒரு பெருமகனின் வாழ்வைக் கூறலாம். பழிப்பதற்காகக் கூறுகின்றோமல்லோம்; அவர் கல்வியில் மிக்கவர். கணிதப் பேராசிரியராயிருந்து அமைச்சரான சி. சுந்தரலிங்கம், இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா வாசிக்கப்பட்ட 1948 டிசம்பரிற் சபையைவிட்டு வெளியேறி, அமைச்சுப் பதவியையும் துறந்தார். ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தோடு நின்றார். செல்வநாயகம் பிரிந்து, அடுத்த ஆண்டிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்நாளிற் பதவியைத் துறக்கத் துணிந்த அதே சுந்தரலிங்கம், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட சாதியார் உட்புகாவண்ணம் தடுத்து நின்றார். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவர் பற்றிநின்றதும் வழமை என்னும் சொல்லையே.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மலையகத்து நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை தந்தது. அவ்வாண்டிலேயே தாய்வழியாலும் பிரசாவுரிமை எய்தலாம் எனத் திருத்தமும் வந்தது. தேசவழமையை நாம் சட்டமாகவும், பிரசாவுரிமையை அரசியலாகவும், கோயில் நுழைவைச் சமயமாகவும் வெவ்வேறு ஏடுகளிற் கற்கின்றோம். சுந்தரலிங்கம் சபையைவிட்டு வெளியேறிய நாளையும் கோயில் வாயிலில் நின்ற நாளையும் ஒரே பக்கத்தில் வைத்து ஆராய்ந்த தமிழ்ப் பாடநூல் ஒன்றை யான் இதுகாறும் கண்டிலேன்.