'புதிய' பலவீனம் என்று எதை வைத்துச் சொல்வது?

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, ஓரளவு தேறி, இருபது முப்பது வருஷம் ஒரே நிலையில் இருந்தவர்களுக்குத் திரும்பவும் தசை பலம் குறைவதுண்டு. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார்கள். 1875-லேயே பிரான்சில் ரேமோன் என்ற மருத்துவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதிவிட்டார். மருத்துவ உலகம் சீரியஸாக எடுத்துக்கொள்ள 1980கள் வரை ஆனது.

இதைக் காட்டிக்கொடுக்கும் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. நிபந்தனைப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். லாரோ ஹால்ஸ்டெட் (அவரே போலியோ வந்தவர்) 1980களில் தொடங்கிவைத்ததை, 2000-ல் மார்ச் ஆஃப் டைம்ஸ் கூட்டிய மாநாடு செப்பனிட்டது. தசையை முடக்கிய போலியோ வந்திருக்க வேண்டும். தேறியபின் பொதுவாக 15 வருஷமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். பிறகு புதிதாகப் பலவீனமோ அசாதாரணச் சோர்வோ வந்து ஒரு வருஷமாவது நீடிக்க வேண்டும். அதற்கு வேறு நோய் காரணமில்லை என்று உறுதியாக வேண்டும்.

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கு. என் சண்டை 'புதிதாக' என்ற சொல்லோடு. புதுசு என்று சொல்லப் பழசு தெரிய வேண்டாமா?

மருத்துவர் கையால் அழுத்தி, 0 முதல் 5 வரை மார்க் போடுகிறார். தொடையின் முன்தசை, சோதிப்பவரின் கையைவிடப் பல மடங்கு பலமானது. அதில் கணிசமான பலம் போன பிறகும் அவர் கையால் அதை வெல்ல முடியாது, மார்க் இறங்காது. 1961-ல் பீஸ்லி என்பவர் போலியோ வந்த குழந்தைகளைக் கருவி வைத்து அளந்தார். கைச்சோதனையில் 'நன்று' வாங்கிய முழங்கால் தசைகள் சராசரியாகப் பாதி பலம்கூட இல்லாதவை.

இதில் அதிகம் ஏமாறுவது 'நல்ல கால்'. போலியோ வைரஸ் ஒரு காலோடு நின்றுவிடும் என்று கட்டாயமில்லை. தண்டுவடத்தில் இயக்க நரம்புசெல்கள் நிறையச் செத்தபிறகுதான் பலவீனம் வெளியே தெரியும் என்று ஷரார்ட் 1950களிலேயே காட்டினார். மிஞ்சிய செல்கள் கிளைவிட்டு, ஆளில்லாமல் போன தசைநார்களையும் சேர்த்து இழுக்கின்றன. ஒரு செல் பல செல்களின் வேலையைப் பார்க்கும். வெளியே கால் நார்மல். நாற்பது வருஷம் உடம்பு முழுசையும் சுமந்ததும் அதுதான். அது தளரும்போது, பழைய சீட்டில் 'இடது கால் போலியோ' என்று மட்டும் இருந்தால் வலது காலுக்கு என்ன பதில் வரும்? மூட்டுத் தேய்மானம், எடையைக் குறைங்க.

ஈ.எம்.ஜி எடுத்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய சேதத்தை அது நன்றாகக் காட்டும். வேறு நரம்பு நோய் இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும். ஆனால் 1987-ல் காஷ்மன் குழுவினர் பார்த்தபோது, நரம்பிழப்பு தொடரும் அடையாளங்கள் புதிய பலவீனம் உள்ளவர்களிடமும் இருந்தன, இல்லாதவர்களிடமும் இருந்தன.

வேறு காரணங்களை விலக்கும் நிபந்தனையோடு எனக்கு முழு உடன்பாடு. கட்டை ஊன்றி ஊன்றி மணிக்கட்டில் நரம்பு நசுங்கலாம், வளைந்த முதுகெலும்பு நரம்பு வேரை அழுத்தலாம், தைராய்டு குறைந்திருக்கலாம். இதையெல்லாம் 'பழைய போலியோதான்' என்று விட்டுவிடுவது அநியாயம். ஆனால் வேறொன்று கிடைத்த உடனே போலியோவை அடித்துவிடுவதும் அதே தப்புதான். ஐம்பது வயதில் சர்க்கரையோ மூட்டுவலியோ இல்லாதவர் எத்தனை பேர்? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இந்தியாவின் கடைசி இயற்கை வைரஸ் போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. எழுபது, எண்பதுகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இப்போது நடுவயதில், அதைத் தாண்டியும் இருக்கிறார்கள். 'காய்ச்சல் வந்துச்சு, கால் சூம்பிப்போச்சு' என்ற அம்மாவின் வார்த்தைதான் பலரிடம் இருக்கும் ஆவணம். இவர்களிடம் 'பலவீனமா இருக்கா' என்று கேட்டால் 'எப்பவும் அப்படித்தான் டாக்டர்' என்பார்கள். மாடிப்படியில் எப்போதிலிருந்து கைப்பிடியைப் பிடிக்கிறீங்க, கழற்றிப்போட்ட காலிப்பரை ஏன் திரும்ப எடுத்தீங்க, பஸ் ஏறுவதை எப்ப விட்டீங்க என்று கேட்க வேண்டும். கூடவே இரண்டு காலையும் இன்றைக்கே கருவியில் அளந்து எழுதிவைத்தால், அடுத்த வருஷம் ஒப்பிட ஒரு எண்ணாவது இருக்கும்.