பழைய இயங்குதளமும் புதிய செயலியும்

விர்ச்சுவல் மெஷினில் பழைய இயங்குதளம் பூட் ஆகாமல் நின்றால், பலரும் முதலில் கைவைப்பது செட்டிங்ஸில்தான். நினைவகத்தைக் குறைப்பார்கள், ஒரே ஒரு கோரை விட்டுவைப்பார்கள், வட்டின் கன்ட்ரோலரை மாற்றுவார்கள். காரணம் தேடாமல் மாற்றிப் பார்க்கும் இந்த வழக்கத்தை அறவே தள்ளிவிட முடியாது. ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் தவறான மாற்றம் எதையும் கெடுப்பதில்லை. சில கோளாறுகளுக்கு இதுவே நேரான மருந்தும்கூட. விண்டோஸ் எக்ஸ்பி நீலத்திரையில் 7பி என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றால், பெரும்பாலும் சாட்டா டிரைவர் அதனிடம் இல்லை என்று பொருள். வட்டை ஐடிஇ-க்கு மாற்றினால் எழுந்துவிடும். விண்டோஸ் 98-க்கு 512 எம்பிக்கு மேல் நினைவகம் கொடுத்தால் வரும் தொல்லையும், அளவைக் குறைத்த உடனே தீரும்.

விண்டோஸ் 95-இல் இந்த வழக்கம் தோற்றுப்போகிறது. முகப்புப் படம் மறைந்ததும், என்டிஐஎஸ் என்ற நெட்வொர்க் பகுதியின் பெயரோடு ‘விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்’ என்ற செய்தி வந்து நிற்கும். அந்தப் பகுதி செயலியின் வேகத்தை அளக்க ஒரு சுழற்சியை ஓட்டி, அதற்கு ஆன நேரத்தால் வகுக்கிறது. 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலியில் சுழற்சி மிக விரைவாக முடிந்து, அளந்த நேரம் பூஜ்யமாகிவிடுகிறது. பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் இயங்குதளம் விழுகிறது. செயலியின் பங்கைப் பாதியாகக் குறைத்தாலும் பயன் இல்லை. அது செயலியை இடையிடையே நிறுத்தி வைக்குமே தவிர, ஓடும்போது அதன் வேகம் குறைவதில்லை. செட்டிங்ஸில் எத்தனை மணிநேரம் தேடினாலும் இதற்கு விடை அகப்படாது. பிழைச் செய்தியில் உள்ள பெயரைப் படித்தவருக்கோ வழி உடனே தெரிந்துவிடும்.

ஃபிக்ஸ்95சிபியு என்ற பேட்ச் இந்தக் கோளாறைச் சரிசெய்கிறது. புதிய ரைசன் செயலிகளில் விண்டோஸ் 9எக்ஸ் வரிசை தடுமாறுவதற்கு வேறொரு காரணம் உண்டு: நினைவக முகவரிகளைக் குறித்துவைக்கும் டிஎல்பி-யை அந்த இயங்குதளம் சரிவரப் புதுப்பிப்பதில்லை. அதற்குப் பேட்சர்9எக்ஸ் இருக்கிறது. பழைய வட்டிலிருந்து கணக்கு ஃபைல்களை மீட்க வேண்டியவருக்கு இவை போதும். ஆவணக் காப்பகத்துக்குப் போதாது, ஏனெனில் பேட்ச் போட்டபின் அங்கே ஓடுவது 1995-இல் வெளியான அதே விண்டோஸ் அல்ல.

அந்த இடத்தில் 86பாக்ஸ் போன்ற எமுலேட்டரே பொருத்தம். இன்றைய செயலியை உள்ளே காட்டாமல் பென்டியத்தையே மென்பொருளில் உருவாக்கித் தருவதால், இயங்குதளத்தில் ஒரு பைட்டையும் மாற்ற வேண்டியதில்லை. விலை வேகத்தில் போகிறது: வலிமையான கணினியிலும் அந்தக் காலத்துப் பென்டியத்தின் வேகமே கிடைக்கும். விண்டோஸ் 95 எழுதப்பட்டது அந்த வேகத்துக்குத்தான்.