உடனிருந்தவர் சொல்லும் பெயர்

கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் போர் நினைவுத்தூணையும் டெல்லியின் இந்தியா கேட்டையும் வடிவமைத்தவர் ஒருவரே: எட்வின் லட்யன்ஸ். முதல் உலகப் போரில் மடிந்தவர்களுக்காக ஆங்கில ஆட்சி எழுப்பிய சின்னங்கள் அவை. அங்கிருந்து புறப்பட்ட இரண்டு நாடுகளும் இன்று வெவ்வேறு இடங்களில் வந்து நிற்கின்றன. பட்டாளத்தை விட்டு வந்தவர், கூட இருந்து செத்துப்போன தோழனை எங்கே, யார் முன்னால், எந்தக் குரலில் நினைக்கிறார் என்று பார்த்தால் அந்த வேறுபாடு விளங்கும்.

இலங்கையில் இந்தக் கேள்வி முதலில் ஒரு பூவாக எழுந்தது. ஆங்கில ஆட்சியில் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று போர் நினைவுக்காகப் பாப்பிப் பூ விற்பார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு பிரிட்டனுக்கே போனது. உள்ளூர் முன்னாள் படையினருக்கு உதவ வேண்டும் என்று 1931இல் ஏலியன் பெரேரா பாப்பிக்குப் பதிலாகச் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்பது வேறெதுவுமில்லை, நம் வேலியோரத்துப் பூவரசம்பூதான். 1933 முதல் இடதுசாரி இளைஞர்கள் அதை ஆங்கில ஆட்சிக்கு எதிரான இயக்கமாகவே வளர்த்தார்கள். யாருடைய சாவுக்கு யார் பூச்சூடுவது என்ற கேள்வியை அந்தத் தீவு அன்றே கேட்டுவிட்டது.

இந்தியா அந்தக் கேள்விக்கு மெதுவாகப் பதில் தேடியது. வங்கதேசப் போருக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று, இந்தியா கேட்டின் வளைவுக்குக் கீழே அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, அதன் மேல் ஒரு தலைக்கவசம், பக்கத்தில் அணையாத தீ என்று 2022 வரை அது அங்கே இருந்தது. ஆனால் சுற்றியிருந்த சுவர்களில் செதுக்கப்பட்டிருந்தவை ஆங்கிலேயருக்காகப் போரிட்டவர்களின் பெயர்கள். விடுதலைக்குப் பின் மடிந்தவர்களின் பெயர்கள் தேசிய நினைவிடம் ஒன்றில் ஏற 2019 பிப்ரவரி 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அங்கே 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒருவருக்கு ஒரு கருங்கல் என்று வட்டவட்டமாக நிற்கின்றன. நம் நடுகல் மரபுக்கு இதைவிட நெருக்கமான ஏற்பாடு வேறில்லை.

ஆனால் தோழனின் நினைவு டெல்லிக் கல்லில் மட்டும் வாழ்வதில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். அங்கே நினைவு தினசரிப் பேச்சில் இருக்கிறது. கேன்டீன் வரிசையிலும், நவம்பரில் பென்ஷனுக்காக உயிர்ச்சான்று கொடுக்கப் போன இடத்திலும் அது தானாகத் தொடங்கும். லங்கர் என்ற படைச் சமையற்கூடத்தில் சப்பாத்திக்கு நடுவே ரசத்துக்கு ஏங்கியது, படாகானா விருந்தில் அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாக உட்கார்ந்து தின்றது, லீவு கிடைத்ததும் கறுப்பு ட்ரங்குப் பெட்டியோடு மூன்று நாள் ரயிலில் வந்தது. நடுவில் ஒரு பெயர் வரும். பேச்சு நிற்கும். ‘அவன் இருந்திருந்தால்’ என்று யாராவது முடிப்பார்கள். எந்த விழா மேடையும் இந்த அரை நிமிட மௌனத்தைத் தந்துவிடாது.

இலங்கையின் சிங்களக் கிராமங்களிலும் இந்த ஈரம் உண்டு. விடுதலைப் புலிகளோடு நடந்த போரில் மகன் செத்த இடத்தைப் பார்த்தே இராத குடும்பங்கள், அவன் பெயரில் சாலையோரத்தில் பஸ் தரிப்பிடம் கட்டியிருக்கின்றன. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் அவன் பெயரைப் படிக்கிறார்கள். ரெஜிமென்ட்டுகள் மாண்டவர்களுக்காக இரவு முழுக்கப் பிரித் என்னும் பௌத்த ஓதலை நடத்தி, மறுநாள் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கின்றன. அந்தப் புண்ணியம் இறந்தவரைச் சேரும் என்பது நம்பிக்கை. 2009இல் முடிந்த அந்தப் போரை நினைக்கும் மே 19 அரசின் நாள். கொழும்புக்கு அருகே பத்தரமுல்லை நினைவிடத்தில் அஞ்சலி நிகழ்ச்சி நடக்கும், ‘ரணவிரு’ (போர் வீரர்) என்ற பட்டத்தோடு மாண்டவர்கள் போற்றப்படுவார்கள்.

அதே தீவில், அதே போரில் மறுபக்கம் நின்றவர்களின் தாய்மாருக்கு நவம்பர் 27 வருகிறது. 1982இல் அந்த நாளில் மடிந்த முதல் புலிப் போராளியின் நினைவாக, 1989 முதல் மாவீரர் நாள். மாலை 6.05க்கு மணி ஒலிக்கும், பின் சுடர் ஏறும், கார்த்திகைப்பூ தூவப்படும். 2009க்குப் பின், அவர்களைப் புதைத்த துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவப் பிரிவொன்றின் தலைமையகம் எழுந்தது. கிளிநொச்சி கனகபுரத்தில் உடைந்த கல்லறைத் துண்டுகளைக் குவித்து, அந்தக் குவியல் முன்னால் விளக்கேற்றினார்கள். அந்த இயக்கம் செய்தவற்றுக்கான தீர்ப்பு வேறு. கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளும் அங்கே புதைந்திருக்கிறார்கள். அதனால் தாய் ஏற்றும் விளக்கு தவறாகிவிடுமா? ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தார்கள். பதுங்குகுழியில் தன்னோடு ஒரே தட்டில் சோறு பகிர்ந்தவன் பெயரைச் சொல்லும் முன், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் நிலையில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

இந்தியாவும் இதில் கை கழுவிவிட முடியாது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை ஏறத்தாழ 1,200 பேரை இழந்தது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் வீழ்ந்தார். பரம்வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. ஆனால் 1990 மார்ச்சில் படை கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது தமிழ்நாட்டு முதல்வர் வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தில் அந்தப் படையின் கையால் துன்பப்பட்ட குடும்பங்களின் வேதனை உண்மையானது. அதைத் தமிழ்நாடு உணர்ந்ததும் நியாயமே. இறந்துபோன சிப்பாய் அந்தப் போரைத் தொடங்கியவன் அல்ல என்பதும் அதே அளவு உண்மை. அமைதிப்படையில் மாண்டவர்களின் பெயர்கள் பத்தரமுல்லையில் கறுப்புக் கல்லில் ஏறிப் பல ஆண்டுகள் கழித்தே டெல்லிக் கல்லில் ஏறின. டெல்லியைவிட, சண்டையிடப் போன நாடு முந்திக்கொண்டது.

இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். இந்தியாவில் தோழனின் பெயரைச் சொல்லத் தடையில்லை. உட்கார்ந்து கேட்கத்தான் ஆளில்லை. இலங்கையில் ஒரு பக்கத்துப் பெயர்களுக்கு மேடை உண்டு, மறுபக்கத்துப் பெயர்களுக்குக் கல்கூட மிஞ்சவில்லை. இத்தனைக்கும் தமிழ் அரசன் எல்லாளனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனு அவனுக்கு நினைவிடம் எழுப்பி வழிபடச் சொன்னதாகவும், அதை நெருங்கும்போது பின்வந்த அரச குலத்தார் மேளத்தை நிறுத்தியதாகவும் எழுதி வைத்தது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். பகைவனின் சாவுக்கு மௌனம் காக்கத் தெரிந்த மண் அது.

1987இல் இருபது வயதில் பலாலியில் இறங்கிய சிப்பாயும், அன்று அவரை எதிர்த்து நின்ற இளைஞரும் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார்கள். செத்த தோழன் எதற்குச் சிரிப்பான், எந்தப் பாட்டை முணுமுணுப்பான் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். அதைக் கல்லில் செதுக்க முடியாது. அவர்களும் போன பிறகு கேட்கவும் முடியாது. இந்த நவம்பரில் உங்கள் தெருப் பட்டாளத்துக்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் சொல்லும் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.