குப்பியில் இருப்பது கண்ணீர் அல்ல

சேலையூரிலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்கு பைக்கில் போகும்போதெல்லாம் கண்ணில் நீர் வழியும். ரோட்டுத் தூசி என்று நினைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு 'டிரை ஐ' என்றார். "தண்ணியா ஊத்துது, இதுக்குப் பேரு உலர்ந்த கண்ணாங்க?" என்று வீட்டில் சிரித்தாள். கையில் இருந்த சொட்டு மருந்துக்குப் பெயர் 'செயற்கைக் கண்ணீர்'. இந்த இரண்டு பெயர்கள் மீதும் எனக்குப் புகார் உண்டு.

முதலில் 'உலர்'. உலர் கண் நோய்க்கு 2017இல் சர்வதேச நிபுணர் குழு தந்த வரையறை, நீரின் அளவை வைத்துத் தொடங்கவில்லை. கண்ணீர்ப் படலத்தின் சமநிலை குலைவதைத்தான் மையமாக வைத்தது. எனக்கு நடந்ததும் அதுதான். இமைத்த சில நொடிகளிலேயே படலம் கிழிகிறது, நரம்பு உறுத்துகிறது, உடனே நீர் பொங்குகிறது. அந்த நீர் படலமாக நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது.

அடுத்து 'கண்ணீர்'. அது வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் லைசோசைமை அறிவித்தார். எலுமிச்சை பிழிந்து வரவழைத்த கண்ணீரிலும் அதைச் சோதித்தார். இந்தப் புரதம் பாக்டீரியாவின் செல் சுவரை அறுக்கும். லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்துவைத்துக் கிருமியைப் பட்டினி போடும். இரும்பைத் திருடக் கிருமி அனுப்பும் மூலக்கூறுகளையே லிப்போகாலின் மடக்கும். மதுரை அரவிந்த் ஆராய்ச்சியாளர்கள் 2017இல், பூஞ்சைத் தொற்று வந்த கண்களில் கண்ணீர்ப் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று காட்டினார்கள். வயலில் செடியோ உமியோ கண்ணைக் கீறினால் வரும் தொற்று இது. கண்ணீர் ஒரு காவல்படை என்பதற்கு நம்மூர்ச் சாட்சி.

என் குப்பியின் லேபிளில் இருப்பது கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம். வழவழப்புக்கான பொருள். காவலர் ஒருவர்கூட இல்லை. இதில் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. புரதத்தைக் கெடாமல் குப்பியில் அடைப்பது கஷ்டம், செலவும் அதிகம். நோய் முற்றியவர்களுக்கு அவர்கள் ரத்தத்திலிருந்தே சீரம் சொட்டு தயாரித்துக் கொடுப்பதும் உண்டு. சொட்டு மருந்தால் எனக்கு இதம் கிடைக்கிறது, இன்றும் போடுகிறேன்.

ஆனால் பெயர் என்னை ஏமாற்றியது. காலி டேங்கில் நிரப்புவதுபோல மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டு, முகத்தில் அடிக்கும் ஏசியையும் இமைக்காமல் பார்த்த ஸ்கிரீனையும் மாற்றவே இல்லை. எனக்குப் போனது சில மாதங்கள்தான். கண் எரிச்சலோடு வாய் உலர்வும் மூட்டுவலியும் இருப்பவருக்கு அது ஷோகிரன் நோயாக இருக்கலாம். அதில் உடலின் எதிர்ப்பு அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும். லைசோசைமும் லாக்டோஃபெரினும் குறையும். 'கண்ணீர்தான் ஊத்துறோமே' என்று அவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் இழப்பு பெரிது.

சில குப்பிகளில் 'லூப்ரிகன்ட்' என்றே போட்டிருக்கிறார்கள். அதுதான் நேர்மை. தமிழில் 'மசகுச் சொட்டு' என்று சொல்லிப் பழகுவோமே.